எதுக்கு மேடம்

அந்த மேடத்தின் கைப்பையில் எப்போதும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருக்கும். சமையலுக்கு வாங்கியது அல்ல. எந்த ஊருக்குப் போனாலும், தராசு வெளியே வந்ததும் அதன்மேல் முதலில் அந்த உப்புப் பாக்கெட்டை வைப்பார். எடை சரியாகக் காட்டினால் “ம்” என்பார். பிறகு பாக்கெட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை வைப்பார். ஒருநாள் அந்த உப்புப் பாக்கெட்டின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்து, என் அம்மாவின் மீன் தராசில் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்ததும், அப்புறம் அம்மாவின் தராசைச் சந்தேகப்பட்டதும், அதற்கு அம்மா சொன்னதும் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

நான் அப்போது அவருடைய அலுவலகத்துக்கு வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது என்று அளந்து மேலே அனுப்புகிற அலுவலகம். மேடம் அதில் அதிகாரி. சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவருக்கு வேலை வாய்த்தது என்னவோ சொட்டுத் தண்ணீர் இல்லாத கரிசல் காட்டில். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை ‘எதுக்கு மேடம்’ என்பார்கள். காப்பி கொண்டுபோய் வைத்தால் “எதுக்கு?” மின்விசிறியைப் போட்டால் “எதுக்கு?” பொங்கலுக்குக் கரும்பு கொடுத்த தோட்டக்காரரிடம்கூட “எதுக்கு?” என்று கேட்டுவிட்டார். பாவம், அந்த மனிதர் பதில் தெரியாமல் கரும்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

என்னை மட்டும் விட்டுவைப்பாரா? ஏறும்போதும் இறங்கும்போதும் ஜீப்பின் கிலோமீட்டரை எட்டிப் பார்ப்பார். குழியைத் தவிர்க்க வண்டியை ஒடித்தால் “இந்தப் பக்கம் எதுக்கு?” என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். டீசல் திருடுகிற ஆள் நானில்லை. ஆனாலும் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் திருடியவன் மாதிரி எனக்கு வியர்க்கும். பதிலுக்கு நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். லஞ்ச ஒழிப்புக்காரர்கள் அனுப்பிய ஆளோ, எவனுடைய வேலைக்கோ உலை வைக்க வந்திருக்கிறாரோ என்று கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். கண்ணாடியில் அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீடு தூத்துக்குடிக் கடற்கரையில், திரேஸ்புரத்தில். மழை பொய்த்த அந்த வருஷம் மேடம் அடிக்கடி அங்கே வண்டியை விடச் சொன்னார். மீன் வாங்க அல்ல. கருவாடு காயப்போடுகிற இடத்தில் போய் நின்று, அங்கே வேலை செய்கிற பெண்களிடம், “எந்த ஊரும்மா? எப்ப வந்தீங்க?” என்று கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கமாக வந்து, அதே பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்பார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே, ஒங்க மேடத்துக்கு இங்கன என்ன சோலி? மீனு வாங்கணும்னா வாங்கிட்டுப் போவ வேண்டியதுதான? ஒளவு பாக்க வந்தவ மாதிரில்லா நிக்கா!”

“வயக்காட்டு ஆபீசரும்மா அவிய.”

“வயக்காட்டு ஆபீசருக்குக் கருவாட்டுல என்னலே வேல? சேசு ஆண்டவரே, எனக்கு அவ மூஞ்சியப் பாத்தாலே சரியாப் படல.”

எனக்கும் சரியாகப் படவில்லைதான். ஒருநாள் பயத்தை விட்டுக் கேட்டேன். மேடம் சொன்னார்: “போன வருஷம் இங்க எல்லாரும் உங்க ஊர்ப் பொம்பளைங்க. இப்பப் பாருங்க, பாதிப் பேர் விளாத்திகுளம் பக்கத்து ஆளுங்க. வெயில் பழகின கை, மீன் பழகாத கை. செதில் குத்தி விரலெல்லாம் துணி சுத்தியிருக்காங்க. வறட்சின்னு மேல இருந்து ஆர்டர் வர இன்னும் மாசக்கணக்கு ஆகும், டிரைவர். அதுக்கு முன்னாடியே அது இங்க வந்து கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருக்கு.”

சொல்லிவிட்டு, “இதை எதுக்குக் கேட்டீங்க?” என்றார்.

இனி ஓர் உளுந்துப் புஞ்சைக்கு வருகிறேன். விளாத்திகுளம் தாண்டி உள்ளே போகிற ஒரு கரிசல் ஊர். எல்லாம் மானாவாரி, வானம் ஊற்றினால் உண்டு. பயிர் காப்பீடு செய்திருக்கிற ஊர்களில் அறுவடை நேரத்தில் ஒரு சோதனை நடக்கும். குலுக்கல் போட்டு ஊரில் ஒருவருடைய புஞ்சையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குள் கயிறு கட்டிச் சதுரம் பிடித்து, அந்தச் சதுரத்துக்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். அதுதான் ஊர் மொத்தத்தின் விளைச்சல். எடை குறைந்தால் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு வரும். எடை கூடினால் ஒருவருக்கும் கிடையாது. இழப்பீடு வராவிட்டால் அந்த ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு தூத்துக்குடி உப்பளத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். அவ்வளவு பேருடைய பிழைப்பும் ஒரு கயிற்றுக்குள் கிடக்கும். இது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்று சொல்லாமலே வைத்திருந்தார்கள்.

போகிற வழியெல்லாம் உளுந்து கருகிக் கிடந்தது. ஊருக்குள் திரும்பினால், சாலையோரத்தில் ஒரே ஒரு புஞ்சை மட்டும் தளதளவென்று நிற்கிறது. காய் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. வரப்பைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள். கலர்க் காகிதத் தோரணம் வேறு. புஞ்சைக்காரர் பொன்னுச்சாமி வெள்ளை வேட்டியில், கையில் கருப்பட்டிக் காப்பித் தூக்கோடு நின்றார். அவர் பின்னால் பொண்டாட்டி முத்துமாரி. அவர்களுக்குப் பின்னால் ஊரே நின்றது.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. நடந்தது இதுதான். அவருடைய புஞ்சையைக் குலுக்கலில் எடுத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே யாரோ சொல்லிவிட்டார்கள். அரசாங்கமே நம்ம புஞ்சையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, அதிகாரி வந்து பார்க்கப் போகிறார், ஊர் மானம் போய்விடக் கூடாது என்று ஊருணியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்திருக்கிறார்கள். குடியரசு தினத்துக்குக் கூப்பிட்டு மாலை போடுவார்கள் என்றுகூட அவர்களில் சிலர் நம்பியிருந்தார்கள். தங்கள் கஞ்சிக்குத் தாங்களே மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அந்த ஊரில் ஒரு ஜீவனுக்கும் தெரியவில்லை.

மேடம் காப்பியை வாங்கவில்லை. “இது எதுக்கு?” என்று தோரணத்தைக் காட்டிக் கேட்டார். பிறகு குனிந்து, ஒரு செடியின் தூரில் விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டார். அது அவருடைய வழக்கம். எடுத்து மோந்து பார்த்தார்.

“தண்ணி பாய்ச்சினீங்களா?”

பொன்னுச்சாமி ஊரைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றியது குற்றம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

“இல்ல மேடம். சத்தியமா இல்ல. வானம் பாத்த வெள்ளாமதான்.”

“பக்கத்துப் புஞ்சையெல்லாம் கருகிக் கெடக்கு. உங்க வரப்புக்குள்ள மட்டும் மழை பெஞ்சுதா?”

“எங்க கொலசாமி கண்ணத் தொறந்துட்டு மேடம்” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். ஆமாம் ஆமாம் என்று ஊர் முழுக்கத் தலையாட்டியது. ஒருவரைக் காட்டிக்கொடுக்க இன்னொருவர் தயாராக இல்லை. அந்த ஒற்றுமையைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தலாம் போல இருந்தது. தண்ணீர் ஊற்றியதாகப் புஞ்சைக்காரரே வாய் திறந்து சொன்னால் போதும், அந்தப் புஞ்சையை ஒதுக்கிவிட்டுக் குலுக்கலில் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம். தண்ணீர் பாய்ந்த புஞ்சை மானாவாரிக் கணக்கில் சேராது, அது விதி. ஆனால் அவராகச் சொல்ல வேண்டும். அதிகாரி சொல்லிக்கொடுத்து அவர் சொன்னதாகத் தெரிந்தால் ஊரோடு அதிகாரியும் சேர்ந்து போக வேண்டியதுதான்.

மேடம் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். குரலில் ஏளனத்தைக் கலந்துகொண்டு சொன்னார்:

“சரி. அப்ப இதுல உங்க உழைப்பு ஒண்ணுமே இல்ல. மத்தவங்க பாடுபட்டும் காஞ்சுபோச்சு. நீங்க ரெண்டு பேரும் வரப்புல படுத்துத் தூங்கியிருக்கீங்க, சாமி வந்து வளத்துக் குடுத்துட்டுப் போயிருக்கு. அப்படியே எழுதிக்கிடவா?”

அவ்வளவுதான். முத்துமாரி புருஷனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிட்டாள்.

“யாரப் பாத்து படுத்துக்கெடந்தான்னு சொல்லுதீய? விடியுமுன்ன எந்திச்சு ஊருணிக்கும் புஞ்சைக்கும் நடந்தது யாரு, ஒங்க சாமியா? இந்தா, இந்த இடுப்பப் பாருங்க, கொடம் ஒரசி ஒரசித் தோலு உரிஞ்சு கெடக்கு. எம்புள்ளயளக் குளிப்பாட்டாம இதுக்கு ஊத்துனேன். தெரியுமா ஒங்களுக்கு?”

“ஏளா, வாய மூடு!” என்று பொன்னுச்சாமி கத்தினார். கத்திய வேகத்தில் கையிலிருந்த தூக்கு கவிழ்ந்து காப்பி கோலத்தின்மேல் ஓடியது. பிறகு அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “ஊத்துனோம் மேடம். ஊத்துனது நெசந்தான். என்ன செய்யணுமோ செய்யுங்க” என்றார்.

மேடம் ஒரு தடவை கேட்டு விட்டுவிடுகிற ஆளா? எங்கிருந்து தண்ணீர், யார் சுமந்தது, எப்போதிருந்து என்று கணவனிடம் ஒரு தடவை, மனைவியிடம் ஒரு தடவை. குடத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ஊருணியை எட்டிப் பார்த்தார். அப்புறம் கயிற்றையும் முளைக்குச்சியையும் எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணின் புஞ்சைக்கு நடந்தார். அங்கே கருகிய செடிகள்தான். பிடுங்கி அடித்துப் புடைத்தால் முறத்தின் அடி தெரிந்தது. உப்புப் பாக்கெட்டை வைத்துத் தராசைச் சோதித்துவிட்டு அந்தக் கொஞ்சத்தை நிறுத்தார். ஊர் தள்ளி நின்று பார்த்தது. வண்டி கிளம்பும்போது ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். ஜீப்பின் பின்கண்ணாடியில் அது சரசரவென்று விழுந்தது.

மேடம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

“ஒரு வார்த்த முன்னாலயே வந்து சொல்லியிருந்தா என்ன மேடம்? இந்தச் சதுரம் எதுக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்தம்மா இடுப்பு தப்பிச்சிருக்கும்ல?”

“சொன்னா அடுத்த வருஷம் பயிர்ல ஆட்டை விட்டு மேய்ச்சுருவாங்க. எடை குறையணும்ல? இழப்பீடு வேணும்ல?”

“ஆட்டை விட்டு மேய்க்கிற ஆளா மேடம், குளிக்கிற தண்ணியக் கொண்டுபோய்ப் பயிருக்கு ஊத்துனது?”

மேடம் ஜீப்பின் கிலோமீட்டரை எட்டிப் பார்த்தார்.

அந்த ஊருக்கு இழப்பீடு வந்தது. பொன்னுச்சாமி வீட்டைப் பூட்டவில்லை. ஆனால் எதனால் வந்தது என்று ஊருக்குப் புரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு திமிர் பிடித்த மேடம் வந்து, ஊரறிய ஒரு பெண்ணை அவமானப்படுத்தி, சாமியைப் பழித்துவிட்டுப் போனதுதான். மேடத்தின் மேல் மனு போனது. விசாரணைக்கு வந்தவர் என்னிடமும் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மேடம் எனக்கு என்ன கொடுத்தார் என்கிற கேள்வி இருந்தது.

அடுத்த விதைப்புக்கு முன்னால் மேடம் ஒரு காரியம் செய்தார். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து, சோதனை எப்படி நடக்கிறது என்பதை விதைப்புக்கு முன்பே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பெரிய அதிகாரிகள் சிரித்தார்கள். ‘சந்தேகமே உருவான நீங்களா அவர்களை நம்பச் சொல்கிறீர்கள்’ என்று ஒருவர் கேட்டாராம். “நான் அவங்களை நம்பல சார். சொல்லாம வைக்கிற நம்ம வழக்கத்தைத்தான் நம்பல” என்றாராம். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரே கிளம்பினார். ஊருக்கு ஊர் ரேஷன் கடை வாசலில் வாடகைக்கு மைக் செட் வைத்து, கயிற்றையும் முளையையும் காட்டி, இது இன்ன சோதனை, இதில் குறைந்தால் இன்னது, கூடினால் இன்னது என்று உடைத்துச் சொன்னார். “குலுக்கல்ல வந்த புஞ்சையைச் சிங்காரிக்கவும் வேண்டாம், சீரழிக்கவும் வேண்டாம். நீங்க என்னை ஏமாத்தினாலும் கண்டுபிடிச்சிருவேன். உங்களை நீங்களே ஏமாத்திக்கிட்டாலும் கண்டுபிடிச்சிருவேன்” என்றார். தன்னைப் பற்றி அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

பொன்னுச்சாமி ஊரிலும் பேசினார். கூட்டம் முறைத்துக்கொண்டே கேட்டது. போன வருஷத்துக் கதை இப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முத்துமாரி மட்டும் பின்னாலிருந்து கேட்டாள்: “அப்ப, கண்ணு முன்னால காயுததப் பாத்துக்கிட்டே இருக்கணும்கீயளா மேடம்?”

மேடம் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். “மத்த புஞ்சைக்கு என்ன செய்வீங்களோ அதைத்தான் இதுக்கும் செய்யணும்” என்றார். அது அவளுக்குப் பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வருஷமும் மழை ஏமாற்றியது. குலுக்கலில் மறுபடியும் பொன்னுச்சாமி புஞ்சையே வந்தது. மேடம் அதை நம்பாமல் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தார். நாங்கள் போனபோது தோரணம் இல்லை, கோலம் இல்லை, காப்பி இல்லை. புஞ்சை முழுக்க வெடித்துக் கிடந்தது. செடிகள் தொட்டால் நொறுங்கின. பொன்னுச்சாமி எங்களைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சொன்னபடி ஒரு கொடம் ஊத்தல மேடம். அவளப் புடிச்சு வைக்கத்தான் எனக்குப் பெரும்பாடாப் போச்சு” என்றார்.

கயிறு கட்டியானது. சதுரத்துக்குள் ஒவ்வொரு மூலையிலும் மேடம் விரலை விட்டுப் பார்த்தார். புழுதிதான். ஆனால் அவர் கண் அங்கே இல்லை. புஞ்சையின் கடைசி மூலையில், உடைமரத்தடியில் முத்துமாரி நின்றிருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை. சேலையை அகலமாகப் பரப்பிக்கொண்டு நின்றாள். மேடம் நேராக அவளிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். ‘போச்சு, மறுபடியும் இந்த ஊர் போச்சு’ என்றுதான் நினைத்தேன்.

சேலைக்குப் பின்னால் ஒரே ஒரு வரிசை. கைக்கு அடங்குகிற அளவுக்குச் சில செடிகள். பச்சையாக, காய் பிடித்து நின்றன.

மேடம் குனிந்தார். விரலை விட்டார். எடுத்தபோது இரண்டாவது கணுவரை ஈரக் கரிசல் ஒட்டியிருந்தது.

“கால் கழுவுனேன் மேடம்” என்றாள் முத்துமாரி. அவள் கண் நிறைந்துவிட்டது. “தெனமும் இங்கன நின்னுதான் கால் கழுவுவேன்.”

தினமும் கால் கழுவ இவ்வளவு தூரம் எதுக்கு? குடிக்கிற தண்ணீருக்கே வழியில்லாத ஊரில் கால் கழுவுவது எதுக்கு? அந்தக் கேள்வி வருவதற்காக நான் காத்திருந்தேன். பொன்னுச்சாமியும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அந்த மேடம் கேட்காமல் விட்ட ஒரே ‘எதுக்கு’ அதுதான்.

மேடம் விரலைத் தன் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். “கயித்துக்கு வெளியதான இருக்கு” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தராசை நோக்கி நடந்தார். உப்புப் பாக்கெட்டை வைத்தார். திருப்பிப் போட்டும் வைத்தார்.

திரும்பிக்கொண்டிருந்தோம். தூரத்தில் உப்பளத்து வெள்ளை தெரிய ஆரம்பித்தபோது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மூலையில நீங்க எதையாவது பாத்தீங்களா, டிரைவர்?”

“ஒண்ணும் பாக்கல மேடம்.”

“நம்பமாட்டேன்” என்றார். வாய்விட்டுச் சிரித்தார்.